பார்க் தே-சுங் ஓவியங்களைப் பார்க்க கியோங்ஜு போவது எப்படி?

தென்கொரியா போகிறேன் என்று சொன்னால் பயண முகவர்கள் நீட்டும் திட்டத்தில் சியோல் இருக்கும், ஜேஜு தீவு இருக்கும், பூசான்கூட இருக்கும். கியோங்ஜு இருந்தால் அரை நாள்தான். ஒரு கோயில், சில கல்லறை மேடுகள், திரும்பவும் பஸ். அந்த அரை நாளுக்குள், மை ஓவியர் பார்க் தே-சுங்கின் படங்கள் இருக்கும் சொல்கோ கலை அருங்காட்சியகம் வரவே வராது. அவருக்காகவே போக நினைப்பவர் எல்லாவற்றையும் தானேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நான் அப்படித்தான் போனேன். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, என்றைக்கு மூடியிருக்கும், எந்தப் படம் சுவரில் இருக்கும் என்று ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகத் தேடிச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஓவியரைப் பற்றி இரண்டு வரி. 1945-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரையும் இடது கையையும் இழந்தவர். ஓவியக் கல்லூரிக்குப் போகாமல் தானாகவே கற்றுக்கொண்டவர். மை, தூரிகை, ஹன்ஜி என்ற கொரியக் காகிதம், இவைதான் அவருடைய கருவிகள். ஆனால் ஒரு மலையையோ கோயிலையோ அவர் படத்துக்குள் அடுக்கும் விதத்தில் மேற்கத்திய நவீன ஓவியத்தின் துணிச்சல் இருக்கும். 1990-களின் நடுவில் நியூயார்க் போய்த் தங்கி அந்த உலகத்தை நேரில் பார்த்தார். திரும்பி வந்து புல்குக்சா கோயிலில் தங்கி வரைந்தார். அப்புறம் கியோங்ஜுவிலேயே, நம்சான் மலையடிவாரத்தில் குடியேறிவிட்டார்.

ஆக, அவர் வரைந்த இடங்களும் வரைந்த படங்களும் ஒரே ஊரில், டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. இதனால் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று: இடத்தை முதலில் பாருங்கள், படத்தை அப்புறம் பாருங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதற்காகத்தான். நேராக அருங்காட்சியகத்துக்குப் போனால் அழகான கறுப்பு வெள்ளைப் படங்கள் தெரியும். இடத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அவர் எதை விட்டார், எதை வளைத்தார், எதை நகர்த்தினார் என்பதும் தெரியும்.

1. விசா: ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். குறுகிய காலச் சுற்றுலா விசாவின் வகை எண் சி-3-9. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையிலேயே தென்கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஒருமுறை போய்வரும் விசாவுக்கான கட்டணம் 40 அமெரிக்க டாலருக்கு ஈடான ரூபாய். பலமுறை போய்வருவதற்கு 90 டாலர். விண்ணப்ப மையம் வழியாகப் போனால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனி.

தயார் செய்ய வேண்டியவை: பூர்த்தி செய்த விண்ணப்பம், பாஸ்போர்ட்டும் அதன் நகலும், வெள்ளைப் பின்னணியில் 3.5க்கு 4.5 செ.மீ. போட்டோ, வங்கி முத்திரை போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், வேலை பார்ப்பவராக இருந்தால் அலுவலகக் கடிதம், நாள்வாரியான பயணத் திட்டம், எதற்காகப் போகிறோம் என்று விளக்கும் ஒரு கடிதம். பேங்க் ஸ்டேட்மென்ட் விஷயத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்த தாள் போதும் என்று நினைக்காதீர்கள். கிளைக்குப் போய் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடிதத்தில் "சுற்றிப் பார்க்க" என்று மட்டும் எழுதாதீர்கள். கியோங்ஜுவில் இத்தனை நாள், சொல்கோ கலை அருங்காட்சியகம், புல்குக்சா, தங்கும் விடுதியின் பெயர் என்று தேதியோடு எழுதுங்கள். பயணத் திட்டமும் கடிதமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. முதலாவது கே-ஈடிஏ. இது விசா தேவைப்படாத நாட்டினருக்கான முன் அனுமதி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது கிடையாது. "கே-ஈடிஏ எடுத்துத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் தளங்களை ஒதுக்கிவிடுங்கள். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். கே-ஈடிஏ தேவையா, விலக்கு உண்டா என்பதை மட்டும் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான கட்டணம் 10,000 வொன்தான் (வொன் என்பது கொரியப் பணம்). இரண்டாவது, ஜேஜு தீவு. வெளிநாட்டிலிருந்து நேராக ஜேஜுவில் இறங்கும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி உண்டு. அதை வைத்துக்கொண்டு அங்கிருந்து கியோங்ஜுவுக்குப் போக முடியாது. அந்த அனுமதி தீவோடு முடிந்துவிடும்.

கொரியாவில் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

திங்கட்கிழமை வேண்டாம். கொரியாவில் அருங்காட்சியகங்களின் வழக்கமான விடுமுறை அதுதான். நம் வரிசைப்படி முதல் நாள் புல்குக்சா கோயில், இரண்டாம் நாள் காலை சம்னுங் பைன் காடு, அன்றே அருங்காட்சியகம். ஆகவே செவ்வாய் மதியம் கியோங்ஜு போய்ச் சேர்ந்து புதன் முழுக்க இருப்பதுபோல் வைத்துக்கொள்வது நல்லது. வார இறுதியில் கூட்டம் அதிகம்.

சந்திரப் புத்தாண்டான சொல்லாலும் அறுவடைத் திருநாளான சூசொக்கும் வரும் வாரங்களைத் தவிருங்கள். நாடே ஊருக்குப் போகும் நாட்கள் அவை. ரயிலில் இடம் கிடைக்காது, அருங்காட்சியகமும் மூடியிருக்கலாம். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பொமுன் ஏரியைச் சுற்றிச் செர்ரி பூக்கும். பார்க்க அழகுதான், ஆனால் அறை வாடகை எகிறும், ஏரிக்கரைச் சாலையில் பஸ் நகராது. நவம்பர் முதல் பாதியில் இலைகள் சிவக்கும்போது புல்குக்சாவில் இதே கதை.

என்னைக் கேட்டால் நவம்பர் கடைசி அல்லது மார்ச் முதல் பாதி என்பேன். குளிர் இருக்கும், நல்ல ஜாக்கெட் வேண்டும். ஆனால் இலை கொட்டிய மரங்களும் வெளிறிய வானமுமாக ஊரே மை ஓவியத்துக்கு நெருக்கமாக இருக்கும். பனிப்பொழிவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கியோங்ஜு தெற்கே இருக்கும் ஊர், அங்கே பனி அரிது. பார்க் தே-சுங் வரைந்த பனி மூடிய புல்குக்சாவைப் பார்க்கும்போது இந்தத் தகவல் உங்களுக்கு உதவும்.

3. கியோங்ஜு போய்ச் சேர்வது

சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சாதாரண வகுப்பில் ஒருவழிக்கு 50,000 வொன் அளவில் ஆகும். ஒரு மாதத்துக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ரயில்களை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். மற்ற நாட்களில் அவசரமில்லை. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சியோல் எக்ஸ்பிரஸ் பஸ் நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. நான்கு மணி நேரம் வரை ஆகும், ஆனால் ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும். பூசானிலிருந்து வருகிறவர்களுக்கு நோபோ பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. ஊருக்குள் இருந்த பழைய கியோங்ஜு ரயில் நிலையம் 2021 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த சின்கியோங்ஜு நிலையத்துக்கு 2023 கடைசியில் கியோங்ஜு நிலையம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பயணக் குறிப்புகளில் "ரயில் நிலையத்திலிருந்து கல்லறைப் பூங்காவுக்கு நடந்தே போகலாம்" என்று இருக்கும். அது மூடிய நிலையத்தைப் பற்றிய குறிப்பு. இன்றைய கியோங்ஜு நிலையத்திலிருந்து ஊருக்குள் வர பஸ் பிடிக்க வேண்டும். டாக்சியில் நேராக அருங்காட்சியகம் இருக்கும் பொமுன் பக்கம் போனால் 20,000 வொன்னைத் தாண்டிவிடும்.

தங்குவதற்குப் பொமுன் ஏரிக்கரை ஓட்டல்களைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைப்பது ஊருக்குள், எக்ஸ்பிரஸ் பஸ் நிலையத்தைச் சுற்றி. கோயில், காடு, அருங்காட்சியகம் மூன்றுக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. விடுதிப் படுக்கை 30,000 வொன் அளவிலிருந்து கிடைக்கும். ஹனோக் என்ற பழைய பாணி ஓட்டு வீட்டில் தனி அறை வேண்டுமென்றால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. போனிலும் பையிலும் இருக்க வேண்டியவை

கூகுள் மேப்பை நம்பி நடந்தால் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும். கொரியாவில் அது வழி காட்டுவதில் பின்தங்கியே இருக்கிறது. நேவர் மேப் அல்லது காகாவோ மேப்பை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஓவியர் பெயர், அருங்காட்சியகத்தின் பெயர், சம்னுங், புல்குக்சா, நான்கையும் கொரிய எழுத்தில் போனில் சேமித்து வையுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் நீட்டவும் தேடவும் இதுதான் உதவும். நாம் உச்சரிப்பது அவர்களுக்குப் புரிவது கஷ்டம்.

எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் டி-மணி அட்டை கிடைக்கும். சியோல் மெட்ரோவுக்கும் கியோங்ஜு டவுன் பஸ்ஸுக்கும் அதே அட்டைதான். அதில் பணம் ஏற்ற ரொக்கம் கேட்பார்கள் என்பதால் கொஞ்சம் வொன் நோட்டு எப்போதும் இருக்கட்டும். இறங்கும்போதும் அட்டையைத் தட்டுங்கள், அப்போதுதான் அடுத்த பஸ்ஸுக்கு மாறும் சலுகை கிடைக்கும்.

5. சியோலில் அரை நாள் இருந்தால்

இது கட்டாயமில்லை, ஆனால் எனக்குப் பெரிதும் உதவியது. பார்க் தே-சுங்குக்கு முன்னோடி என்று சொல்ல வேண்டுமானால் 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் சொங் சொன் என்பவரைத்தான் சொல்ல வேண்டும். சீன மலைகளைக் கற்பனையில் வரைந்துகொண்டிருந்த காலத்தில் கொரியாவின் மலைகளைக் கண்ணால் பார்த்து வரைந்தவர் அவர். 1751-இல் மழைக்குப் பிந்தைய இன்வாங் மலையை அவர் வரைந்த படம் கொரியாவின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. அந்த மலை இன்னும் அங்கேதான் நிற்கிறது. கியோங்பொக்குங் மெட்ரோ நிலையத்திலிருந்து சொங்னோ 09 என்ற சின்ன பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சுசொங்-டோங் பள்ளத்தாக்கு. சொங் சொன் வரைந்த இன்னொரு இடம் இது. கட்டணம் இல்லை.

பாறையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளிறிய பழுப்புக் கருங்கல். அதே மலையை அந்த 1751 படத்தில் அவர் கன்னங்கரேலென்று, தூரிகையை மேலிருந்து கீழே அடுக்கடுக்காக இழுத்து வரைந்திருப்பார். வெளிறிய பாறையின் கனத்தைக் காட்டக் கறுப்பைப் போட்ட அந்தத் துணிச்சல்தான் கியோங்ஜுவில் நீங்கள் பார்க்கப்போகும் படங்களின் வேர்.

6. முதல் நாள் மதியம்: புல்குக்சா

பஸ் நிலையம் எதிரிலிருந்து 10, 11 என்ற இரண்டு எண்களும் புல்குக்சா, பொமுன் இரண்டையும் தொட்டுக்கொண்டு எதிரெதிர்த் திசையில் சுற்றி வருகின்றன. எது முதலில் எங்கே போகிறது என்று நேவர் மேப்பில் பார்த்து ஏறுங்கள். மாற்றி ஏறினாலும் போய்ச் சேரலாம், ஆனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். கட்டணம் 2,000 வொன்னுக்குள்.

கோயிலுக்கு 2023 மே மாதத்திலிருந்து நுழைவுக் கட்டணம் இல்லை. 6,000 வொன் என்று சொல்லும் குறிப்புகள் அதற்கு முந்தையவை. சொக்குராம் குகைக்கோயிலுக்கும் கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. நேரம் மிச்சமிருந்தால் புல்குக்சாவிலிருந்து 12-ஆம் எண் பஸ்ஸில் மேலே போய் வரலாம். அது அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலின் முகப்பில் கல் படிக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏற அனுமதி இல்லை, பக்கவாட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். போவதற்கு முன் அந்த முகப்பு வெளியில் நின்று ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கண்ணுக்குள் எவ்வளவு அடங்குகிறது என்று பாருங்கள். படிக்கட்டும் மண்டபமும் தெரியும். பின்னால் உள்ள கூரைகள் மறைந்திருக்கும். பக்கத்து பைன் மரங்களைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் தபோதாப், சொக்காதாப் என்ற இரண்டு கல் கோபுரங்களும் வெளியிலிருந்து முழுதாகத் தெரியாது. நின்ற இடத்திலிருந்து எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஒரு தாளில் கிறுக்கி வையுங்கள். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இது வேண்டும்.

7. இரண்டாம் நாள் விடியல்: சம்னுங் பைன் காடு

நம்சான் மலையின் மேற்கு அடிவாரத்தில், சில்லா என்ற பழைய கொரிய அரசின் மன்னர்கள் மூவரின் கல்லறை மேடுகளைச் சுற்றி நிற்கும் காடு இது. ஊரிலிருந்து 500 வரிசை எண் பேருந்துகள் போகின்றன. ஆனால் விடியலுக்கு முன் பஸ் கிடைப்பது சந்தேகம். டாக்சிக்குச் சுமார் 10,000 வொன் ஆகும், தயங்காமல் செலவழியுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழரை மணி ஆகிவிடும். ஜூன் மாதம் போகிறவர்கள் ஐந்து மணிக்கே அங்கே நிற்க வேண்டும். நுழைவுக் கட்டணமோ வாசற்கதவோ எதுவும் இல்லை. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம்.

காட்டுக்குள் முக்காலியோடு புகைப்படக்காரர்கள் நிற்பார்கள். பே பியோங்-உ என்ற புகைப்படக் கலைஞர் கியோங்ஜுவின் பைன்களை எடுத்து உலகப் புகழ் பெற்றதிலிருந்து இந்தக் காட்டுக்கு அப்படியொரு வருகை. அவர்கள் சட்டகத்துக்குள் போய் நிற்காமல் ஓரமாக நடங்கள்.

இந்த மரங்கள் நேராக வளர்வதில்லை. ஒவ்வொன்றும் இடுப்பை ஒடித்து, தோளைத் திருப்பி, வெளிச்சம் கிடைக்கும் பக்கம் வளைந்து மேலே போகிறது. ஏதாவது ஒரு மரத்தின் பக்கத்தில் நின்று பட்டையைப் பாருங்கள். அடிமரத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் தடித்த செதில்கள். மேலே போகப் போகச் செதில் மெலிந்து செம்மை ஏறும். மூடுபனி ஈரத்தில் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பாகிவிடும். இப்போது பத்து அடி தள்ளி நிற்கும் மரத்தைப் பாருங்கள், அது சாம்பல். அதற்கும் பின்னால் உள்ளது இன்னும் மெல்லிய சாம்பல். அதற்கும் பின்னால் மரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரே மையில் தண்ணீர் கூட்டிக் கூட்டி இந்த ஆழத்தைக் காகிதத்தில் கொண்டுவரலாம் என்பதை இங்கே நின்றால் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சூரியன் ஏறி ஒரு மணி நேரத்தில் இந்த வித்தியாசமெல்லாம் கலைந்துவிடும். அப்புறம் ஊருக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பலாம். சைவம் சாப்பிடுபவர்கள் இறைச்சியும் முட்டையும் இல்லாமல் பிபிம்பாப் என்ற காய்கறி கலந்த சாதம் கேட்கலாம். ஊரின் பெயர்பெற்ற பலகாரமான ஹ்வாங்னாம் ரொட்டிக்குள் இருப்பது இனிப்புப் பயறுதான், ஆனால் மேல்மாவில் முட்டை சேரும். ஒரு பெட்டி வாங்கி வைத்தால் பகல் முழுக்கத் தாங்கும்.

8. சொல்கோ கலை அருங்காட்சியகம்: குறைந்தது மூன்று மணி நேரம்

பொமுன் பகுதியில் கியோங்ஜு எக்ஸ்போ பூங்காவுக்குள் இருக்கிறது. 2015-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் சியுங் ஹியோ-சாங். பார்க் தே-சுங் தன் படைப்புகளில் 800-க்கும் மேற்பட்டவற்றைக் கொடையாகக் கொடுத்ததால் உருவான இடம் இது. சொல்கோ என்பது சில்லா காலத்து ஓவியரின் பெயர். அவர் சுவரில் வரைந்த பைன் மரத்தில் உட்கார வந்து பறவைகள் மோதி விழுந்தன என்பார்கள்.

பூங்கா வாசலில் இறங்கினால் 82 மீட்டர் உயரத்தில் கியோங்ஜு கோபுரம் நிற்கும். நடுவே ஒன்பது நிலைப் பகோடாவின் வடிவம் வெட்டி எடுக்கப்பட்டு, அந்த வெற்றிடத்தின் வழியே வானம் தெரியும். அருங்காட்சியகம் அதைத் தாண்டி மேட்டில் இருக்கிறது. ஏற்றம் என்பதால் முதியவர்களோடு போகிறவர்கள் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் சேர்த்தா தனித்தனியா என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. முந்தைய நாள் இரவு அவர்களுடைய இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பூங்காவில் பெரிய நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் வழிகள் அடைபட்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் படம் சுவரில் இல்லாமல் போகலாம். காகிதத்தில் மையால் வரைந்தவற்றை வருடக்கணக்கில் வெளிச்சத்தில் தொங்கவிட மாட்டார்கள், மாற்றி மாற்றி வைப்பார்கள். கண்காட்சி மாறும் இடைவெளியில் சில கூடங்கள் மூடியும் இருக்கும். தேதி முடிவு செய்யும் முன் நடப்புக் கண்காட்சியின் பெயரையும் காலத்தையும் பார்த்து, சந்தேகமிருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். கொரிய மொழியில், மொழிபெயர்ப்புச் செயலி வழியாக, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

உள்ளே போனதும் ஒரு கூடத்தில் கூட்டம் நிற்கும். சுவரைத் திறந்து முழுக்கண்ணாடி போட்டு, வெளியே உள்ள குளத்தைப் படம்போல் காட்டும் இடம். எல்லோரும் அதன் முன் நின்று போட்டோ எடுப்பார்கள். நிறையப் பேர் அதற்காகவே வருகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் படங்களுக்குப் போங்கள்.

பனி மூடிய புல்குக்சா படம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சுவரின் அகலத்துக்கு விரியும் படம். முதலில் தடுப்புக் கயிறுவரை நெருங்கி ஒரு கிளையை மட்டும் பாருங்கள். அங்கே வெள்ளை நிறம் எதுவும் பூசப்பட்டிருக்காது. கிளையின் அடிப்பக்கத்தில் மை, மேல்பக்கத்தில் வெறும் காகிதம். மை நிற்கும் ஓரத்தில் ஹன்ஜியின் இழைகள் அதைக் கொஞ்சம் குடித்து மெல்லிய மயிர்போல் கசிந்திருக்கும். பக்கத்தில் பார்த்தால் கறை, அவ்வளவுதான். ஏழெட்டு அடி பின்னால் வாருங்கள். கறைகளுக்கு நடுவே விட்ட காகிதம் பனியாகிக் கிளையை அழுத்தும். வரையாமல் விட்டதை வைத்து வரைவது கிழக்கத்திய மரபு. அதை இவ்வளவு பெரிய அளவில், ஒரு சுவரையே பிடித்துக்கொண்டு செய்தது நவீன ஓவியத்திடம் பெற்ற தைரியம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நேற்றைய போட்டோவை எடுங்கள். மேற்கத்திய நிலக்காட்சியில் ஓவியர் ஓர் இடத்தில் நிற்பார். எல்லாக் கோடுகளும் அவர் கண்ணிலிருந்து புறப்பட்டு ஒரு புள்ளியில் சேரும். போன் கேமராவும் அதே விதிப்படிதான் பார்க்கிறது. மலைநீர் ஓவியம் என்ற கிழக்கத்திய நிலக்காட்சி மரபில் பார்ப்பவர் நடந்துகொண்டே இருப்பார். அடிவாரத்திலிருந்து அண்ணாந்தும், மேலிருந்து குனிந்தும், தூரத்தைச் சமமாகவும் ஒரே படத்தில் பார்ப்பார். பார்க் தே-சுங்கின் கோயில் படங்களிலும் மலைப் படங்களிலும் இவை இரண்டும் மோதும். ஒரு கூரையைப் பறவைபோல் மேலிருந்து பார்த்திருப்பார், அதன் பக்கத்து மரத்தைத் தரையில் நிற்கும் மனிதனாகப் பார்த்திருப்பார். வைர மலை என்ற கும்காங் மலையை வரைந்த படங்களில் சிகரங்கள் பார்ப்பவரைச் சுற்றி வளைந்து வரும். ஆனால் அந்த வளைவுக்குள் ஒரு கட்டடத்தின் கனமும் பாறையின் இருட்டும் உறுதியாக நிற்கும். நேற்று நீங்கள் கிறுக்கிய தாளில் "தெரியவில்லை" என்று குறித்தவற்றில் எவையெல்லாம் படத்தில் தெரிகின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். என் மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது, அது வீண்போகவில்லை.

பைன் மரப் படங்களைக் கடைசியில் பாருங்கள். காலையில் பார்த்த பட்டையும் அடுக்கடுக்கான சாம்பலும் கண்ணில் இருக்கும்போது, அவர் எந்த மரத்தைக் கறுப்பாக்கி எந்த மரத்தைக் கரையவிட்டிருக்கிறார் என்று பிடித்துவிடுவீர்கள்.

நடத்தை பற்றி ஒன்று. சில நீளமான சுருள் படைப்புகள் சுவரிலிருந்து இறங்கித் தரையிலும் விரிந்திருக்கும். 2021-இல் இரண்டு குழந்தைகள் அப்படிப்பட்ட எழுத்தோவியச் சுருள்மேல் ஏறி நடந்து படுத்தே விட்டார்கள். அது பெரிய செய்தியானது. குழந்தைகள் தெரியாமல் செய்ததுதானே என்று ஓவியர் அவர்களைக் குற்றம் சொல்லாமல் விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய மனதை எதிர்பார்த்துக்கொண்டு நாம் போகக் கூடாது. குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், முதுகுப்பையைப் பெட்டகத்தில் வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். குறிப்பெடுக்கப் பேனாவுக்குப் பதில் பென்சில் கொண்டுபோங்கள்.

9. செலவு

சியோல் கியோங்ஜு ரயில் போகவர ஒரு லட்சம் வொன் அளவு. இரண்டு இரவு விடுதிப் படுக்கை 60,000. விடியல் டாக்சி 10,000. டவுன் பஸ் எல்லாம் சேர்த்து 10,000 போதும். சாப்பாட்டுக்கு ஒரு வேளைக்கு 10,000 முதல் 15,000. கோயிலும் காடும் இலவசம். ஆக, அருங்காட்சியக டிக்கெட்டையும் சேர்த்து மூன்று லட்சம் வொன் வைத்துக்கொண்டால் ஒருவர் நிம்மதியாகப் போய் வரலாம். ஆயிரம் வொன் நம் பணத்தில் 60 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விமானமும் விசாவும் இதில் சேராது.

அருங்காட்சியகப் புத்தகக் கடையில் கண்காட்சிப் புத்தகம் வாங்க நினைத்தால் முதலில் எடையைத் தூக்கிப் பாருங்கள். தடித்த காகிதத்தில் அச்சிட்ட கனமான புத்தகங்கள் அவை. திரும்பும் பெட்டியில் இரண்டு கிலோ இடம் விட்டு வையுங்கள். பிரதி அச்சு வாங்கினால் மடிக்காமல் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுத் தரச் சொல்லி, கைப்பையோடு விமானத்துக்குள் எடுத்துப்போங்கள்.

10. கியோங்ஜு போகவே முடியாதவர்கள்

சியோலில் மட்டும் இரண்டு நாள் இருப்பவர்கள் பியோங்சாங்-டோங்கில் உள்ள கானா ஆர்ட் சென்டரின் கண்காட்சி அட்டவணையைப் பாருங்கள். 2024 தொடக்கத்தில் அவருடைய தனிக் கண்காட்சி அங்கே நடந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள், 2022-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியதால், அங்கிருந்து தேடத் தொடங்கலாம். கானா போன்ற விற்பனைக் கூடங்களில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இருக்காது. வாங்குபவர்கள் மட்டும்தான் வர வேண்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். வாசலில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய் வேண்டிய நேரம் நின்று பார்க்கலாம். கண்காட்சி முடியும் நாளுக்கும் அடுத்தது தொடங்கும் நாளுக்கும் இடையில் போனால் வெறும் சுவர்தான் இருக்கும், தேதியை மட்டும் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.